புலப்படத்தில் இல்லாத கால்: நாகர்கோவில் ஓரத்து வயல் பத்து ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்து நான்காம் நாள். நாகர்கோவில் மாநகராட்சி எல்லை ஓரத்தில், சில வருஷத்துக்கு முன் தார் போட்ட மனைப்பிரிவுச் சாலை ஒன்றில் சித்தப்பா நெல் காயப்போட்டிருந்தார். சாலையின் பாதி அகலத்துக்கு நெல். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் செங்கல் வரிசை. மீதிப் பாதியில் பைக்கும் பால் வண்டியும் பள்ளிக்கூட வேனும் போய் வந்தன. எட்டரை மணிக்கு எதிர்வீட்டுக்காரர் கார் எடுக்க வந்தார். கோபப்படுகிற ஆள் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். “அண்ணாச்சி, இது ரெசிடென்ஷியல் ஏரியா. நெல்லு காயப்போடுத இடமில்ல.” சித்தப்பா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே பதில் சொன்னார். “தம்பி, நீங்க கார் விடுத ஷெட்டு இருக்கே, அதுதான் எங்க பத்துக்குக் களம்.”

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எதிர்வீட்டுக்காரர் வங்கிக் கடன் வாங்கி, வரன்முறை செய்யப்பட்ட மனையில், வரைபட அனுமதியோடு வீடு கட்டியவர். அவர் காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. சித்தப்பா சொன்ன களமும் அங்கேதான் இருந்தது. சின்ன வயதில் வைக்கோல் போருக்குள் ஒளிந்து விளையாடி, உடம்பெல்லாம் சுணை பிடித்து நானும் அழுதிருக்கிறேன்.

அந்தப் பத்து, அதாவது அந்த வயல் தொகுதி, எப்படிக் கரைந்தது, நகரமைப்பு விதிகள் அதற்கு எங்கே துணை போயின, எங்கே தடுத்திருக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் நாங்கள் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். எனக்கும் அந்தப் பத்தில் அறுபது சென்ட் உண்டு. அதனால் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பத்தும் தண்ணீரும்

நாஞ்சில் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு குளத்தையோ சானல் மடையையோ நம்பிக் கிடக்கும் வயல்களின் தொகுதியைப் பத்து என்போம். சானலில் மடை திறந்தால் தண்ணீர் தாய்க்காலில் இறங்கும். தாய்க்காலிலிருந்து வயற்கால்கள் பிரியும். வயற்கால் எட்டாத இடத்தில் ஒரு வயல் நிறைந்து அடுத்த வயலுக்கு வழியும். மடைக்குப் பக்கத்தில் இருப்பது தலை வயல், கடைசியில் இருப்பது கடைவரம்பு. மழைக்காலத்தில் வேலை தலைகீழ்: மிஞ்சிய தண்ணீரெல்லாம் கடைவரம்பு வழியாக ஓடைக்கு வடிந்து பழையாற்றில் சேர வேண்டும். தண்ணீர் வரும் வழி, வடியும் வழி இரண்டும் இருந்தால்தான் பத்து.

இத்தனைக்கும் மூலம் பேச்சிப்பாறை. 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அணை. மூலம் திருநாள் மகாராஜா காலம், பொறியாளர் மிஞ்சின். அவரைப் புதைத்த இடமும் அணைக்கரையிலேயே இருக்கிறது. அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அந்தக் களஞ்சியமும் கூடவே வந்தது.

கன்னிப்பூவுக்காக (முதல் போகத்துக்காக) ஜூன் முதல் தேதியை ஒட்டி அணை திறக்கும்போது வரும் அரசு அறிவிப்பில், கோதையாறு, பட்டணங்கால் பாசனப் பகுதி 79,000 ஏக்கர் என்று இருக்கும். வாழை, தென்னை, திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் பக்கம் எல்லாம் அதில் அடக்கம். குமரி மாவட்டத்தில் இன்று ஒரு பூவுக்கு நெல் நிற்பது ஏறத்தாழ 6,500 ஹெக்டேர், அதாவது பதினாறாயிரம் ஏக்கர்.

இதை வைத்து ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு பூவும் தவறாமல் விளைந்து, ஹெக்டேருக்கு ஐந்து டன் கண்டால் 65,000 டன் நெல். அரைத்தால் நாற்பதாயிரம் டன் சொச்சம் அரிசி. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 18,70,374. ஆளுக்கு மாதம் ஒன்பது கிலோ வைத்தால் வருஷத்துக்கு இரண்டு லட்சம் டன் வேண்டும். ஆக, நம் சோற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் இங்கே விளைகிறது. நகர எல்லைக்குள் மிஞ்சியிருக்கும் வயல்களை மட்டும் எடுத்தால் அதைவிடக் குறைவு. ‘வயலைக் காப்பாற்றினால் நகரமே தன் சோற்றைத் தானே உண்ணும்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் நாலு பங்கு நம் கையில் இல்லை. கையில் இருக்கும் ஒரு பங்கை மனைப்பிரிவுக்குக் கொடுத்தால் திரும்ப வாங்க வழியில்லை. அந்த வயல்கள் மழைநீரைத் தாங்கி நிற்பதும், கிணறுகளுக்கு ஊறுவதும், தேரூர் குளத்துப் பறவைகளுக்கு இரை தருவதும் இந்தக் கணக்கில் வராது. 2022-ல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. சுற்றியுள்ள வயல்களுக்கு அப்படி எந்தப் பட்டியலும் இல்லை.

மண் விழுந்த வரிசை

எங்கள் பத்து நாற்பது ஏக்கர்ப் பக்கம். முதலில் போனது தலை வயல். சாலையோரம் இருந்ததால் அதற்குத்தான் விலை. வெளியூரில் வேலை பார்த்த சொந்தக்காரர் கைமாற்றிவிட்டார். வாங்கியவர் எடுத்த எடுப்பில் மனை போடவில்லை. நாஞ்சில் நாட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வாழை. வாழைக்கு வாய்க்கால் வெட்டி மண்ணை மேட்டில் போடும்போதே வயல் ஒரு அடி உயர்ந்துவிடும். அடுத்து தென்னை. தென்னை வைத்த நிலத்தை வயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘விளை’ ஆகிவிடும். அதற்கப்புறம் ராத்திரியில் டெம்போ டெம்போவாக மண். சுற்றி மதில். ‘மனை விற்பனைக்கு’ போர்டு. ஏழெட்டு வருஷத்தில் எந்தச் சட்டத்தையும் நேருக்கு நேர் மோதாமல் நெல்வயல் காலி.

அப்படியே கடன் வாங்கி மனைக்காரர்கள் வீடு கட்டினார்கள். வீட்டின் அஸ்திவாரம் சாலையைவிட மூன்றடி உயரம். சாலை வயலைவிட நாலடி உயரம். தாய்க்கால் ஒரு மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் இடையே இரண்டடிச் சந்தாகச் சுருங்கியது. சந்துக்குக் கழிவுநீர்க் குழாய்கள் திரும்பின. கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறந்தால் முதலில் வருவது பால் பாக்கெட் உறையும் டயாப்பரும்தான். பிறகுதான் பேச்சிப்பாறை வரும்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் நடுப்புள்ளி. கடைவரம்பு வயல்காரர்களுக்கு இரண்டு பூ வரிசையாகத் தண்ணீர் எட்டவில்லை. 2021 நவம்பர் பெருமழையில் வந்த தண்ணீர் வடியவும் இல்லை. காய்ந்தும் அழிந்தது, அழுகியும் அழிந்தது. சிலர் பயிர் வைப்பதை நிறுத்தினார்கள். கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் ‘தரிசு’ என்று ஏறியது. மூன்று வருஷம் தரிசு ஏறிய நிலத்துக்காரர், பாசன வசதி இல்லை, சாகுபடிக்கு உகந்ததல்ல என்று மனு போட்டால் அதில் ஒரு பொய்யும் கிடையாது. அதிகாரி வந்து பார்த்தாலும் அப்படித்தான் எழுத முடியும். தலை வயலை நிரப்பியவர் தவறு செய்தார், அதன் விளைவு கடைவரம்புக்காரருக்குத் தகுதிச் சான்றாகக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அதன் 47-ஏ பிரிவும் 2017-ல் வந்த விதிகளும் இருக்கின்றன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும் பத்திர அலுவலக வாசல்கள் வெறிச்சோடிப் போனது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருஷமே வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைப்பிரிவு என்றால் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். நீர்நிலையிலும் நீர்வழியிலும் இருக்கும் மனைக்கு வரன்முறை கிடையாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு.

எங்கள் தலை வயல் மனைப்பிரிவு இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. நீர்வழி நிபந்தனை ஏன் தடுக்கவில்லை என்று பார்க்க, நில அளவைப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். சானல் இருக்கிறது, புறம்போக்கு என்று தனி எண்ணோடு. ஓடை இருக்கிறது. வயற்கால்கள் இல்லை. தாய்க்காலில்கூடப் பாதி தூரத்துக்கு மேல் இல்லை. அவை பட்டா நிலத்துக்குள் ஓடுபவை, தலைமுறை வழக்கத்தில் வந்தவை. ‘என் வயலில் உன் தண்ணி, உன் வயலில் அவன் தண்ணி’ என்ற வாய்மொழி ஒப்பந்தம். எந்த ஆவணத்திலும் கோடாக விழவில்லை. நகரமைப்பு வரைபடம் புலப்படத்தின் மேல்தான் நிறம் பூசுகிறது. அதில் இல்லாத காலை அடைத்தால் விதி மீறல் ஆகாது.

பச்சை நிறம் பூசி ‘விவசாய உபயோகம்’ என்று எழுதிவிட்டால் வயல் பிழைத்துவிடும் என்று நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். எங்கள் பத்தின் தென்பகுதி இன்றும் பச்சையில்தான் கிடக்கிறது, தண்ணீர்தான் இல்லை.

இங்கே ஒரு பக்கவாட்டுச் சேதி. 2020-ல் காவிரி டெல்டாவுக்கு வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் குமரிக்கும் வேண்டும் என்று அடிக்கடி கோரிக்கை எழும். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு போன்றவற்றை. மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. அப்படியே கொண்டுவந்தால் எங்கள் தலை வயலுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது.

களியக்காவிளைக்கு அந்தப்புறம்

களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டினதும் கேரளம், சட்டம் மாறும். பேச்சு மாற இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஆகும். பாறசாலைப் பக்கம் என் அத்தான் குடியிருக்கிறார். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம். அவருடைய பதினைந்து சென்ட் துண்டு ஒன்றின் கதையைக் கேட்டுத்தான் கேரளச் சட்டத்தை நான் படிக்கத் தொடங்கினேன்.

கேரளம் முழுவதும் 1974-75-ல் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. 2008-ல் நெல்வயல், தண்ணீர்த்தட (ஈரநில) பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மிஞ்சியது கால்வாசிக்குச் சற்று மேல். வீடு பற்றி எரிந்து முடியும் நேரத்தில் வந்த வாளித் தண்ணீர்தான். ஆனாலும் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு வயல் தெரிந்திருக்கிறது. நெல்வயல் என்பதற்கான விளக்கத்திலேயே வரப்பு, வடிகால், குளம், கால்வாய் எல்லாம் சேர்த்தி. வேறு நிலமே இல்லாதவர் வீடு கட்டக் கேட்டால் ஊராட்சியில் பத்து சென்ட், நகரத்தில் ஐந்து சென்ட் வரை அனுமதிக்கலாம். அதற்கும் பக்கத்து வயலின் சாகுபடி கெடக்கூடாது, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த துண்டாக இருக்கக்கூடாது என்று நிபந்தனை. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. தரிசு போட்டால், வேறு ஆளை வைத்தாவது பயிர் செய்யச் சொல்ல உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. 2018 திருத்தத்துக்குப் பிறகு, டேட்டா பேங்கில் இல்லாத பழைய வயல் ஐம்பது சென்ட்டுக்கு மேல் தரம் மாறினால் பத்தில் ஒரு பங்கைத் தண்ணீருக்கென்று ஒதுக்க வேண்டும்.

டேட்டா பேங்க் என்பது எந்தெந்த சர்வே எண் நெல்வயல் என்று பஞ்சாயத்து வாரியாக எழுதிய பட்டியல். அங்கேதான் அத்தான் மாட்டிக்கொண்டார். அவருடைய துண்டில் சட்டம் வருவதற்கு முன்பே தென்னை காய்த்துக்கொண்டிருந்தது. பட்டியலில் ‘நிலம்’ என்று ஏறிவிட்டது. அங்கே ‘நிலம்’ என்றால் வயல், மேட்டுநிலத்துக்குப் பெயர் ‘புரயிடம்’. நீக்கச் சொல்லி ஐந்தாம் நம்பர் படிவம் கொடுத்தார். கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகத்துக்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் நடந்த நடையில் இரண்டு செருப்பு தேய்ந்தது என்பது அவர் வாக்குமூலம். மகள் கல்யாணத்துக்கு விற்க நினைத்த துண்டு, கல்யாணம் முடிந்து பேரன் பிறந்த பிறகுதான் பட்டியலை விட்டு இறங்கியது. “மச்சான், எனக்கு வயல் சட்டத்து மேல கோவமில்ல. எழுதுனவன் ஒருநாள் வந்து பாத்துட்டு எழுதியிருக்கலாம்லா” என்றார்.

அவர் வீட்டுக்குப் பின்னால் உண்மையான ஏலா (வயல்வெளி) ஒன்று இருக்கிறது. டேட்டா பேங்கிலும் இருக்கிறது. கோரையும் ஆகாயத்தாமரையும் மார்பளவு. சட்டத்தால் யாரும் மண் அடிக்க முடியவில்லை, கூலிக்கும் தண்ணீருக்கும் கட்டுப்படியாகாததால் யாரும் நடவும் இல்லை. நெல்வயல் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் என்று கேரள அரசு 2020-ல் ராயல்டி தொடங்கியது. நினைப்பு நல்ல நினைப்பு. ஒரு சென்ட்டுக்கு லட்சங்களில் விலை பேசும் ஊரில் அந்தத் தொகை யார் மனத்தையும் மாற்றாது.

அந்த ஏலாவில் நின்றபோது எனக்குப் புரிந்தது ஒன்று. விளக்கத்தில் வாய்க்காலைச் சேர்த்த அதே சட்டம், நடைமுறையில் சர்வே எண் சர்வே எண்ணாகத்தான் வயலைப் பார்க்கிறது. பட்டியலில் ஏற்றுவதும் இறக்குவதும் துண்டு துண்டாக. எல்லைக்கு இந்தப்புறமும் அதே நோய். வயல் தனித்தனியாகச் சாவதில்லை, மடை மடையாகச் சாகிறது.

தண்ணீர் இல்லாமல் சட்டம் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு விளவங்கோடு தாலுகாவே சாட்சி. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் அங்கே 9,200 ஏக்கர் பாய்ந்தது. 2004-ல் கேரளம் நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, அந்த வயல்களில் வைத்த ரப்பர் மரங்கள் பால் வெட்டும் வயதை எட்டி நிற்கின்றன.

சந்தைக்கும் இடம் வேண்டும்

விளைகிற இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குக் காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன், மட்டி வாழைகள், கீரைக்கட்டு எல்லாம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்து இறங்கும். கடற்கரை ஊர்களிலிருந்து மீன்காரப் பெண்கள் குத்துப்போணியோடு வருவார்கள். இவர்களுக்குச் சந்தைக்குள் கடை கிடையாது, நிழலும் தெருவோரமும்தான். நகரத்தில் சாலையை அகலப்படுத்தினாலும் பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்தாலும் முதலில் எழுந்து போக வேண்டியது இவர்கள்.

2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் ஊர் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரை விற்பனை மண்டலங்களில் இடம்பெறலாம் என்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நாலு பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நில உபயோக வரைபடத்தில் இந்த மண்டலங்களைக் கோடு போட்டுக் காட்டினால்தான் அவற்றுக்கு ஆயுள். அடையாள அட்டை மட்டும் கொடுத்தால், அடுத்த பொறியாளர் வரும்வரைதான். 2020 ஊரடங்கில் சந்தைகளைப் பூட்டியபோது பஸ் ஸ்டாண்டுகளிலும் மைதானங்களிலும் காய்கறி விற்க இடம் கொடுத்தார்கள். அவசரத்துக்குக் கோடு போடத் தெரிந்த கைக்குச் சாதாரண நாளில் போடத் தெரியாமல் போகாது.

சாலையில் காயும் நெல்லும் இதே விஷயம்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடினால் நெல் திரும்பி வரும். களம் இல்லாத இடத்தில் ஈரம் எப்படிக் குறையும்? அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்க வழி வேண்டும். எங்கள் பத்தில் மதில்களுக்கு நடுவே இயந்திரம் நுழைய ஒரே ஒரு காலி மனைதான் மிச்சம். அதன் சொந்தக்காரர் சவுதியில் இருக்கிறார். அவர் வீடு கட்டும் வருஷம் எங்களுக்கு அறுப்பு இல்லை.

வெளியூர் உதாரணங்களைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து 2007-ல் தோட்டங்களுக்கென்றே ஒரு மண்டல வகையைச் சேர்த்தது. பாஸ்டன் 2013-ல் ஒரு ஏக்கருக்குக் குறைந்த பண்ணையை எந்த மண்டலத்திலும் வைக்கலாம் என்று விதியைத் திருத்தியது. அவர்களிடம் இருந்தது காலி மனை, அதில் விவசாயம் நுழைய வழி தேடினார்கள். நம்மிடம் இருப்பது விவசாயம், காலி மனையாகக் காத்திருப்பதாகவே அதைப் பார்க்கிறோம். அந்த விதிகள் நமக்கு நேராகப் பொருந்தாது. கிழக்குக் கொல்கத்தா நீர்நிலைகள் நெருக்கமான உதாரணம். நகரக் கழிவுநீரில் மீனும் காய்கறியும் விளைகிற 12,500 ஹெக்டேர். 2006-ல் அதற்கென்றே தனிச் சட்டம். அங்கே காப்பாற்றியது துண்டு நிலங்களை அல்ல, தண்ணீர் ஓடும் முழு அமைப்பையும். அங்கேயும் ஓரங்களில் மண் விழுகிறது என்பது வேறு விஷயம்.

நாங்கள் எழுதிக் கொடுத்தது

நகரத்துக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடுவதென்றால் வரைவைப் பார்வைக்கு வைத்து ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதை நம்பி ஒன்பது பேர் சேர்ந்து ஒரு மனு தயாரித்தோம். அதில் முக்கியமானது ஒரே கோரிக்கை: நில உபயோக மாற்றத்துக்கு அலகாக சர்வே எண்ணை வைக்காமல் மடையை வைக்க வேண்டும். ஒரு மடையின் ஆயக்கட்டில் (அது பாயும் பரப்பில்) எங்கே மாற்றம் கேட்டாலும், கீழே இருக்கும் வயல்காரர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும். தலை வயலுக்கு அனுமதி கடைசியில்தான். பாசன விவசாயிகள் மேலாண்மைச் சட்டம் 2000-த்திலிருந்தே இருக்கிறது, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் இருக்கின்றன. எங்கள் பத்தில் ஒரு மனைக்குக்கூட சங்கத்தை யாரும் கேட்டதில்லை.

மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு என்று விதி. எங்கள் பக்கம் அப்படி விட்ட பூங்கா ஒன்று இருக்கிறது: கம்பிவேலி, துருப்பிடித்த சறுக்குமரம், ஆளுயரக் காட்டாமணக்கு. வயலை ஒட்டிய மனைப்பிரிவில் இதைக் களமாகவும் இயந்திர வழியாகவும் விட அனுமதி கேட்டோம். அறுப்பில்லாத மாதங்களில் பிள்ளைகள் விளையாடட்டும், நாங்களும் அப்படித்தானே விளையாடினோம்.

கூட்டத்தில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தார். நாற்பது சென்ட் கடைவரம்புக்காரர், இரண்டு பெண்பிள்ளைகள். “டவுன்காரனுக்குச் சோறு போடுதது எங்க தலையெழுத்தா? அவன் இடம் வீடா ஏறும், எங்க இடம் வயலாவே கிடக்கணுமா?” அவருக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. சாலைக்கு நிலம் விட்டுக் கொடுப்பவருக்கு வளர்ச்சி உரிமைச் சான்று கொடுத்து, அதை வேறிடத்தில் கட்டடக்காரருக்கு விற்க விடுகிறார்கள். வயலை வயலாகவே வைத்திருக்கிறவருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவருக்காக ஒரு பத்தி சேர்த்தோம். அப்புறமும் அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

ஆயக்கட்டைக் காட்ட வரைபடம் வேண்டுமே. புலப்படத்தில் இல்லாத காலை நாங்களே வரைந்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா முன்னால் நடப்பார், நான் போனில் புள்ளி வைப்பேன். தாய்க்கால் எங்கே திரும்பும், எந்த இடத்தில் பனந்தடி போட்டுத் தண்ணீர் பிரித்தார்கள், எந்த வரப்பில் எத்தனை முழம் பொழி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மதில் வந்த இடங்களில் சுற்றிப் போய் மறுபக்கத்தில் தொடர்ந்தோம். முப்பத்தோராவது புள்ளி, நெல் காயப்போட்ட அதே சாலையில், எதிர்வீட்டுக் கார் ஷெட்டுக்கு முன்னால் வந்தது. சித்தப்பா நின்று, தரையில் பதித்த ஸ்லாப்பைக் காலால் தட்டினார். அடியில் வெற்றிடம் இருப்பதாகச் சத்தம் வந்தது.

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். உள்ளே போய்க் கடப்பாரை எடுத்து வந்து அவரே ஸ்லாப்பை நெம்பினார். கீழே ஒன்றரை அடி அகலத்தில் கருத்த தண்ணீர், ஒரு ரப்பர் பந்து, வடக்கிலிருந்து தெற்காக மிக மெல்லிய நகர்வு. சித்தப்பா குனிந்து ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டார். அது நகர்ந்து ஷெட்டுக்கு அடியில் போய் மறைந்தது.

“வீடு வாங்கும்போது இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லல அண்ணாச்சி” என்றார் அவர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “சார், இத மேப்ல குறிச்சா எனக்கு ஏதும் பிரச்சினை வருமா?”

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஸ்லாப்பைத் திரும்ப மூடுவதற்கு மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.